கர்ப்பிணிகளும் காய்ச்சல் ஊசியும்



கர்ப்பிணிக்கு ஜுரம் கண்டால் கண்ணேறு என்றும், காற்றுச் சேஷ்டை என்றும் சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகிற நம் வீட்டுப் பெரியவர்கள், இன்புளுயன்சா காய்ச்சலை வருமுன் தடுக்க ஊசி போடலாம் என்றால் மாத்திரம் "வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ" என்று பதறுகிறார்கள். இது போதாதென்று படித்தவர்கள் சிலர் ஒரு புதுச் சாக்கும் சொல்லுகிறார்கள். பருத்த உடம்புக்காரிக்கும், கவலைப்படுகிறவளுக்கும் அந்த ஊசி சரியாகப் பலிக்காதாம், ஆகையால் வேண்டாமாம்!

1918-இல் இந்தக் காய்ச்சல் இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. காய்ச்சல் கண்டவர்களில் மற்றவர்களைவிடக் கர்ப்பிணிகளே அதிக விகிதத்தில் மாண்டார்கள். மாரிக்கு ஊற்றிய கூழ் எத்தனை பேரைக் காப்பாற்றிற்று? உலக சுகாதார ஸ்தாபனம் 2012-இல் இந்த ஊசிக்குக் கர்ப்பிணிகளையே முதல் வரிசையில் வைக்கும்படி சொன்னது காரணமில்லாமலா?

சரி, சாக்கில் உண்மை உண்டா? கொஞ்சம் உண்டு. புத்தி மாறாட்டம் கண்ட கணவனையோ மனைவியையோ இராப்பகலாய்ப் பராமரித்தவர்களுக்கு ஊசி போட்டபோது, அத்தொல்லை இல்லாதவர்களைவிட எதிர்ப்புச் சக்தி குறைவாகவே உண்டானதென்று அமெரிக்காவில் ஒஹையோ ஆராய்ச்சிக்காரர்கள் 1996-இல் கண்டார்கள். பருத்தவர்களுக்கு முதல் மாதத்தில் நன்றாகவே ஏற்பட்ட சக்தி, ஓராண்டில் மற்றவர்களைவிட அதிகமாய்த் தேய்ந்துவிட்டதென்று வட கரோலினாவில் 2012-இல் கண்டார்கள். இவர்கள் கர்ப்பிணிகளல்லர் என்பது வேறு விஷயம். எப்படியானாலும் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? குடையில் ஒரு பொத்தல் இருக்கிறதென்று அடைமழையில் குடையை எறிந்துவிட்டு நடப்பவனை என்னவென்று சொல்லுவது?

அதிலும் "அவள் சதா கவலைப்படுகிறாள்" என்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். கவலையைக் கொடுத்தது யார்? ஆண் பிள்ளை பெறாவிட்டால் பார் என்று மிரட்டியது யார்? அடுப்படியில் ஏழாம் மாதத்திலும் தண்ணீர்க் குடம் சுமக்க வைத்தது யார்? உடம்பு பருத்தாலும் அவள் குற்றம், மனம் வாடினாலும் அவள் குற்றம் என்றால், புருஷன் வேலை பஞ்சாங்கம் பார்ப்பது மாத்திரந்தானா?

ஊசியில் உள்ள கிருமி செத்தது. அது காய்ச்சலை உண்டாக்காது. மூக்கில் விடும் உயிர்க்கிருமி மருந்துதான் கர்ப்பிணிக்கு ஆகாது. ஊசி போட்டுச் சக்தி உண்டாகச் சுமார் இரண்டு வாரம் செல்லும். அச்சக்தி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லையாதலால், அதுவரை தாய் கொடுத்ததுதான் அதற்குக் காவல். ஆகவே அடுத்த மாதச் சோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிற பெண்களுக்காகப் புருஷர்களே கூடப் போய்க் கேளுங்கள்.