பதினோரு மணிக்குள் நிழல்: சைக்கிளில் ஒரு கடலோரப் பயணம்

(பொதுமக்களுக்கான சைக்கிள் பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "சார், நெடுந்தூரம் போக எந்த சைக்கிள் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்டேன், "எங்கே போகப் போறீங்க?" யாரும் அதை இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த வரிசையை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். பாதைதான் முதலில். என்ன வண்டி வேண்டும், எவ்வளவு சுமை தாங்கும், எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தெரியவரும்.

புது வண்டிகூடத் தேவைப்படாமல் போகலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. கியர் கிடையாது, எடை அதிகம், உண்மைதான். அதை ஓட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. கியர் இல்லாத வண்டியை மலையில் தள்ளிக்கொண்டாவது ஏற்றிவிடலாம். இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கவும் கூடும். ஆனால் திருவான்மியூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலோரமாகப் போனால் வழியில் ஒரு மலைகூட இல்லை. சுமார் 300 கிலோமீட்டர். அந்தப் பாதைக்கு இந்த வண்டி போதும். அதனால் இன்று அந்த ஒரு பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன்.

சமவெளியாச்சே, ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் போயிடலாம்னு தோணும். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். சுமை ஏற்றிய, கியர் இல்லாத வண்டி சராசரியாக மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகும். விடியற்காலை 6 மணிக்குக் கிளம்புகிறீர்கள். 11 மணிக்கு மேல் நம் ஊர் வெயிலில் மிதிக்கக் கூடாது. நடுவில் 5 மணி நேரம். டிபன், டீ, தண்ணீர் நிரப்புவது, படம் எடுப்பது என்று ஒரு மணி நேரமாவது போய்விடும். மிச்சம் 4 மணி நேரம். ஆக, ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். இளைஞர்கள் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் கொஞ்சம் ஓட்டலாம்தான். அந்த நேரத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பஞ்சர் ஆனால், வழி தவறினால் செலவழிக்க அது கையிருப்பு. மொத்த நேரத்தையும் திட்டத்திலேயே செலவழித்துவிட்டவர்தான் இருட்டியதும் விளக்கில்லாமல் ஈ.சி.ஆர். ஓரத்தில் நிற்கிறார்.

இந்தக் கணக்கை வைத்துப் பாதையை வெட்டிப் பார்ப்போம். முதல் நாள் திருவான்மியூர் - மாமல்லபுரம், சுமார் 50. இரண்டாம் நாள் கல்பாக்கம் வழியாகக் கடப்பாக்கம், அதுவும் 50. பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிபாடுகள் இருக்கின்றன, பார்க்காமல் போகாதீர்கள். மூன்றாம் நாள் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரி. நான்காம் நாள் கடலூர், 25 கிலோமீட்டர்கூட வராது. வேண்டுமென்றேதான் குறைவாக வைத்திருக்கிறேன். நான்காம் நாள்தான் உட்காரும் இடத்தில் வலி உச்சத்தில் இருக்கும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்! ஐந்தாம் நாள் சிதம்பரம். ஆறாம் நாள் கொள்ளிடம் பாலம், சீர்காழி, திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் கடலுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். ஏழாம் நாள் காரைக்கால் வழியாக நாகப்பட்டினம், 35 கிலோமீட்டர்.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தங்கும் இடங்கள் குறைவு. அறையை முதல் நாளே போன் போட்டு உறுதி செய்த பிறகுதான் இரண்டாம் நாள் பெடலில் கால் வைக்க வேண்டும்.

மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. சைக்கிள்காரருக்கு அவை வெறும் பெயரில்லை. தை, மாசியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது சென்னையிலிருந்து தெற்கே போனால் முதுகைத் தள்ளிவிடும். அதே மாதத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே வந்து பாருங்க, 50 கிலோமீட்டர் 80 மாதிரி இருக்கும். வெயில் மாதங்களில் நண்பகல் வாக்கில் கடற்காற்று கிளம்பி எதிரிலோ பக்கவாட்டிலோ தள்ளும். பதினோரு மணிக்குள் நிழலுக்குப் போய்விடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரைப் பக்கம் பயணமே வேண்டாம். புயல் மாதங்கள். மற்ற மாதங்களிலும் புறப்படும் முன் 'டி.என். அலர்ட்' செயலியில் மாவட்ட வாரியாக எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், தமிழிலேயே இருக்கிறது.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

மாடிப்படிக்குக் கீழே நின்ற சைக்கிளுக்கு வெறும் எண்ணெய் போட்டால் போதாது. தெருமுனைக் கடையில் 'ஓவராயில்' செய்யச் சொல்லுங்கள். சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்ட்பார் மூன்றையும் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, தேய்ந்த பால்ரஸை மாற்றி, புது கிரீஸ் வைப்பார்கள். ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுப்பார்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்க. அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது வழியில் கைகொடுக்கும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று சத்தம் வந்தால் கிராங்கில் இருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கலாம். அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் அது கழன்றால் சுத்தியல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன். டயரின் பக்கவாட்டில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். பழைய 28 இஞ்ச் வண்டி என்றால் 635 என்று முடியும். கடைகளில் விற்கும் பந்தய ரக சைக்கிள் என்றால் 622. பேச்சு வழக்கில் இரண்டையும் '28 இஞ்ச்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் ரிம்மில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் டயர் மற்றொன்றுக்குச் சேராது. உங்கள் வண்டியின் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய அளவுக்கு மரக்காணத்திலும் டியூப் கிடைக்கும், சீர்காழியிலும் கிடைக்கும். 622 காரர்கள் இரண்டு டியூபும் ஒரு டயரும் கூடவே கொண்டுபோக வேண்டும். வண்டி விலை ஏற ஏற, வழியில் உதவி குறையும். இதை எந்தக் கடைக்காரரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

அந்த மெல்லிய டயர் வண்டிகளில் வால்வும் ஒல்லியாக இருக்கும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் குழாய் அதில் பொருந்தாது. விரல் நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. அதைத் திருகிவிட்டால் எந்தப் பங்கிலும் காற்று பிடிக்கலாம். பங்கில் காற்று இலவசம், குடிநீரும் கழிப்பறையும் இலவசம். பெட்ரோல் போட்டால்தான் என்று கிடையாது, சைக்கிள்காரருக்கும் அந்த உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். பெண்கள் பயணத் திட்டம் போடும்போது வழியில் இருக்கும் பங்குகளை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் பெரிய நிம்மதி. காற்று எவ்வளவு என்பதும் டயர் பக்கவாட்டிலேயே இருக்கும். பங்கின் இயந்திரம் வேகமாக ஏற்றிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள்.

இந்தப் பாதையில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். வண்டியைச் சாலையை விட்டு இறக்கி மரத்தடியில் நிறுத்துவோம், அங்கேதான் ஏறும். டியூபை ஒட்டி மாட்டி ரெண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி காற்று இறங்கும். ஒட்டினது சரியில்லைன்னு நினைப்போம். உண்மையில் முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து அப்படியே நிற்கும். அதனால் டியூபை ஒட்டியதும் டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். வெறும் விரலால் தடவாதீர்கள், விரலில் ஏறும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாலு நாளில் மண்ணோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெல்லிய மெஷின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருந்தால் மணலைத்தான் பிடிக்கும். கடலோரம் என்பதால் சாயங்காலம் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி, துடைத்து, மறுபடி எண்ணெய் விடுவது நல்லது.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளைகளின் 12 இஞ்ச் ஸ்கேல் போதும். ஒரு ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதிலிருந்து 24-ஆவது ஆணி சரியாக 12 இஞ்ச்சில் நிற்க வேண்டும். ஒரு இஞ்ச்சில் 16-இல் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பல்சக்கரமும் போயிருக்கும். கியர் வண்டிக்கு இது கண்டிப்பு, கியர் இல்லாதது கொஞ்சம் பொறுக்கும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் பொறுப்பே கிடையாது. முன்னும் பின்னும் இரண்டும் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டையில் இருக்கும் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பளபளக்கும் இரும்பு ரிம் இருக்கிறதே, மழையில் நனைந்தால் அதில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. முதலில் லேசாக இரண்டு மூன்று முறை அழுத்தி ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் நிற்கும். தூறல் போட்டால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பாலங்களில் ஓரம் கிடையாது, பின்னால் பஸ் வரும். அங்கே ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் போக வேண்டும். புதிதாக நான்கு வழிச் சாலை போட்டிருக்கும் இடங்களில் ஊருக்குள் போகும் பழைய சாலையே நமக்கு உகந்தது. டீக்கடையும் நிழலும் அங்கேதான்.

முதுகில் பை மாட்டாதீர்கள். சுமை கேரியரில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் சமமாக, கயிறு சக்கரத்தில் சிக்காமல். சீட் உயரம் எல்லாரும் குறைவாகவே வைக்கிறோம். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. முட்டி வலிக்குப் பாதிக் காரணம் இந்த உயரம்தான். தலைக்கவசமும், பின்னால் சிவப்பு விளக்கும் பகலிலும் இருக்கட்டும்.

போனை வழிகாட்டியாக நம்பிப் போகிறோம், அதுதான் முதலில் சாகும். வரைபடத்தை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். மணிக்கு ஒரு தடவை நிற்கும்போது அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு இருப்பிடத்தை அனுப்புங்கள். 'காவல் உதவி' செயலியை நிறுவி, அதன் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சாலையில் பள்ளம் இருந்தால், நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். பின்னால் வருகிற அடுத்த சைக்கிள்காரருக்கு அது உதவும். அவசரத்துக்கு 108, 112. விபத்தில் அடிபட்டவருக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. பணம் புரட்டணுமே என்று யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

வெயில் அடித்து ஒருவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தடுமாறினால், அது களைப்பில்லை. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, தாகம் எடுக்கும் முன்பே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோர் நல்லது.

ஏழாம் நாள் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வாடைக்கு எதிராக மிதித்து வர வேண்டாம், ரயிலில் வாருங்கள். சைக்கிளை ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து அனுப்பலாம். எல்லா நிலையத்திலும் எல்லா ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள், அதனால் சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே 139-இல் விசாரியுங்கள். ரயில் நேரத்துக்கு வெகு முன்னதாகப் போய்விடுங்கள். விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், போன் எண், போய்ச் சேரும் நிலையம் மூன்றையும் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று இருக்கும். பிரேம் எண் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். வண்டியைப் படுக்க வைத்து அதையும் ஒரு படம் எடுங்கள். பார்சல் ரசீதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எழும்பூரில் வண்டியை வாங்கும்போது கேட்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன்.