பட்டியலைக் கொடுத்தது யார்?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே ராணுவத்துக்குப் போகப்போகிறார்கள்? இந்தத் தலைப்பு நமக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மகனின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் அவன் படிக்கும் பள்ளி அமெரிக்க ராணுவத்திடம் கொடுத்துவிட்டதா, இல்லையா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

பள்ளி திறந்ததும் ஒரு கட்டுக் காகிதம் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வாமை விவரம், பஸ் நேரம், மதிய உணவுக் கணக்கு, லேப்டாப்பை உடைத்தால் யார் பொறுப்பு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதன் நடுவே ஒரு பத்தியில் இந்தச் சேதியும் உண்டு: பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், கேட்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு மாணவரின் விவரம் தரப்படும். இப்போது பல பள்ளிகளில் காகிதமும் போய்விட்டது. "படித்தேன்" என்ற கட்டத்தைச் சொடுக்கிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். நாம் படிக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

பள்ளி முதல்வரைத் திட்டாதீர்கள். 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் வாசிப்பையும் கணக்கையும் சீர்செய்ய வந்தது என்றுதான் நாடே நினைத்தது. 600 பக்கம் தாண்டிய அந்தச் சட்டத்தின் பின்பகுதியில் 9528 என்று ஒரு பிரிவு. ராணுவத்துக்குப் பட்டியல் தராத பள்ளியும், கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் திறக்கும் கதவை ராணுவத்துக்குத் திறக்காத பள்ளியும் மத்திய அரசின் கல்விப் பணத்தை இழக்க நேரிடும். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு அந்தப் பணம் மூச்சுக்காற்று. யார் மறுப்பார்கள்? 2015இல் அதிபர் ஒபாமா புதுக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கட்சி மாறியது, சட்டத்தின் பெயர் மாறியது. அந்தப் பிரிவு மட்டும் வேறு எண்ணோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வீரத்தைப் பற்றித் தமிழனுக்கே பாடமா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. புறநானூற்றுத் தாயைச் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்கும் அவளைப் பிடிக்கும். ஒரு போரில் தமையனை இழந்தாள். அடுத்ததில் கணவனை இழந்தாள். பிறகும் பறை கேட்டதும், இருந்த ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, வெள்ளுடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்பினாள். ஒக்கூர் மாசாத்தியார் அந்தத் துணிவைக் கண்டு நடுங்கியும் வியந்தும் பாடினார். அனுப்புவது சரியா தவறா என்று நாம் விடிய விடியப் பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் அனுப்பியவள் அவள். அவள் உறங்கிக்கொண்டிருந்தபோது ஊர்க் கணக்கர் பையனின் பெயரை எழுதிப் படைத்தலைவனுக்கு ஓலை அனுப்பவில்லை. நம் நிலைமை அந்த ஓலை நிலைமை.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2004இல் அமெரிக்கத் தரைப்படை தன் ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குப் பள்ளிக்கூடக் கையேடு ஒன்று வெளியிட்டது. ஆசிரியர் அறைக்கு மாதம் ஒருமுறை டோனட்டும் காபியும் கொண்டுபோகச் சொல்கிறது அது. ஆசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கூடைப்பந்து ஆட்டம் வைக்கச் சொல்கிறது. இவரில்லாமல் பள்ளியில் ஒரு காரியம் நடக்காது என்கிற அளவுக்குப் பழகச் சொல்கிறது. இதில் என்ன தப்பு, எல்.ஐ.சி. ஏஜெண்டும் இதைத்தானே செய்கிறார் என்பீர்கள். கேளுங்கள். வகுப்புத் தலைவன், கால்பந்து அணித் தலைவன் போன்ற பிள்ளைகளைப் பற்றியும் அந்தக் கையேடு பேசுகிறது. இவர்கள் ராணுவத்தில் சேராமல் போகலாம், ஆனால் சேரக்கூடியவர்கள் யார் என்று காட்டுவார்கள், ஆகவே இவர்களோடும் பழகு என்பது அதன் கருத்து.

நம் பிள்ளை டாக்டர் ஆவான், சரி. பக்கத்து பெஞ்சில் இருக்கும் பையன்? அப்பாவுக்கு வேலை போய்விட்டது, கல்லூரிக்குப் பணம் கிடையாது என்று நம் பிள்ளையிடம் மனம் விட்டுச் சொன்னவன்? அவனை ஆள்சேர்ப்பு அதிகாரிக்குக் காட்டும் கைகாட்டிக் கம்பமாக நம் பிள்ளை நிற்கிறான். நமக்கு எதற்கு இந்தத் தலைப்பு என்கிறீர்களே!

அந்த அதிகாரிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சீருடைக்கும் என் வணக்கம் உண்டு. அவர் கழுத்தில் இலக்கு என்ற கயிறு தொங்குகிறது. 2022இல் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்தது, 15,000 பேர் குறைந்தார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தத்துக்கு 50,000 டாலர்வரை ஊக்கத்தொகை தருவதாக அதே ஆண்டு அறிவித்திருந்தார்கள். அப்படியும் ஆள் வரவில்லை. கயிறு இறுகும்போது அவர் எங்கே ஓடுவார்? பள்ளிக்கூடத்துக்குத்தான்.

17 வயதில் சேரப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே பல பிள்ளைகளுக்கு 18 நிரம்பிவிடுகிறது. அன்றைக்கு உங்கள் கையெழுத்துக்கு வேலை இல்லை. பழக்கமோ முந்தைய வகுப்புகளிலேயே தொடங்கியிருக்கும். நான்கு ஆண்டு வேலை என்று சொல்லிப் போடும் ஒப்பந்தத்தில் மொத்தக் கடமை எட்டு ஆண்டு. மீதி ஆண்டுகள் ரிசர்வ் பட்டியலில். அழைத்தால் போயே ஆகவேண்டும்.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன், என் பிள்ளை பெயர் போகாது என்று நிம்மதியாக இருக்கும் இரண்டொருவருக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஆஸ்வாப் என்று ஒரு தேர்வு. ராணுவத்தில் சேர எழுதும் அதே தேர்வைத் 'தொழில் வழிகாட்டி' என்று பெயரிட்டுப் பள்ளிகளில் இலவசமாக நடத்துகிறார்கள். இலவசப் பரீட்சை என்றால் நாம் விடுவோமா? எழுதட்டும், பயிற்சிதானே என்போம். அந்த மதிப்பெண்ணும் தொலைபேசி எண்ணும் ராணுவத்தின் தேர்வு வழியாக ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குப் போகின்றன. பள்ளியில் நீங்கள் கொடுத்த 'வேண்டாம்' கடிதம் அதைத் தடுக்காது. தடுக்க வழி பள்ளியின் கையில் இருக்கிறது. தேர்வுக்கு ஏற்பாடு செய்யும்போதே, முடிவை ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்குத் தர வேண்டாம் என்று 8ஆம் எண் விருப்பத்தைப் பள்ளி குறிக்கலாம். மேரிலாந்து மாநிலம் 2010இல் இதைத் தன் பொதுப் பள்ளிகளுக்குச் சட்டமாகவே ஆக்கியது.

நேராக மோதிப் பார்த்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் வடகோடியில் ஆர்கேட்டா, யுரேகா என்று இரண்டு சிற்றூர்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவரை ராணுவ அதிகாரி தானாக அணுகக் கூடாது என்று 2008இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்துச் சட்டம் போட்டார்கள். மத்திய அரசு வழக்குப் போட்டது, மறு ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே ஊர்ச் சட்டத்தால் ராணுவத்தை நிறுத்த முடியாது. மேரிலாந்துக்காரர்கள் ராணுவத்துக்கு உத்தரவு போடவில்லை, தங்கள் பள்ளிகளுக்குப் போட்டார்கள். அங்கேதான் வழி இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. போர்க்காலத்தில், சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்த நாட்களை அவர்கள் அறிவார்கள். பள்ளிக்குப் போன பிள்ளை திரும்புமா என்று படலையில் நின்றவர்களும் அவர்களில் இருப்பார்கள். இங்கே நடப்பதும் அங்கே நடந்ததும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது அவர்கள் பட்டதைச் சிறுமைப்படுத்தும். இங்கே துப்பாக்கிமுனை இல்லை, டோனட் இருக்கிறது. ஆனால் 17 வயதுப் பிள்ளை எதற்குச் சட்டென்று 'சரி' என்பான், எதை ஒரு வாரத்தில் மறந்துபோவான் என்று அந்தத் தாய்மாரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

கல்லூரிச் செலவுக்கு வேறு வழி என்ன என்று அங்கே ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. ராணுவ சேவைக்குப் பிறகு அரசு 36 மாதப் படிப்புச் செலவைத் தருகிறது, அது பொய் வாக்குறுதி அல்ல. ஆனால் ஐயா, படிக்க வைக்கும் காசு இந்த நாட்டிடம் இருக்கிறது என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறதே! அதைப் பெற எதற்கு ஒரு பிள்ளை முதலில் துப்பாக்கி ஏந்த வேண்டும்?

ராணுவம் பள்ளிக்குள் வரவே கூடாது என்று நான் கேட்கவில்லை. விரும்பும் பிள்ளை போகட்டும், விரும்பும் பெற்றோர் பெயரைக் கொடுக்கட்டும். மௌனம் சம்மதம் என்ற கணக்கை மட்டும் திருப்பிப் போடுங்கள். எழுதிக் கொடுத்தால்தான் பெயர் போகும் என்று சட்டம் சொல்லட்டும். அது வாஷிங்டனில் நடக்க வேண்டியது, நாளாகும்.

அதுவரை செய்யக்கூடியது இது. கடிதப் படிவம் பின்மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். 18 நிரம்பிய பிள்ளை தானே போடலாம். அடுத்த மாதக் கல்விக் குழுக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். பத்துப் பேர் என்னோடு வாருங்கள். என்னைப் போல அங்கே நீட்டி முழக்க வேண்டாம். பத்துப் பேரும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆஸ்வாப் தேர்வுக்கு நம் பள்ளி எந்த எண்ணைக் குறித்திருக்கிறது?