பரிசென்னும் வலை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிசு விழுந்ததென்று சொல்லி நம் குடும்பங்களின் பொருளைக் கவரும் மோசத்தைக் குறித்து இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

உழையாது வரும் பொருளில் ஆசை நமக்குப் புதிதன்று. 1968-ஆம் ஆண்டில் நம் அரசாங்கமே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கிற்று. 2003-ஆம் ஆண்டில் சீட்டு விற்பனை முழுவதும் நம் மாநிலத்தில் தடுக்கப்பட்டது. சீட்டு ஒழிந்தது, ஆசை ஒழியவில்லை. அவ்வாசையே வஞ்சகர்க்கு மூலதனம்.

‘கௌன் பனேகா கரோர்பதி’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பேரால் 25 இலட்சம் ரூபாய் விழுந்ததென்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. பெயர்பெற்ற வியாபாரிகளின் பேரால் சுரண்டும் அட்டை தபாலில் வருகிறது. சுரண்டினால் மோட்டார் கார் பரிசென்று காண்கிறது. கேரளச் சீட்டைக் கைப்பேசியிலேயே வாங்கலாமென்பாரும் உளர். கேரள அரசாங்கமோ காகிதச் சீட்டன்றி வேறு விற்பதில்லை.

வேடம் பலவாயினும் குறி ஒன்றே: பரிசைக் கொடுக்குமுன் பணம் கேட்பது. முதலிற் பதிவுக் கட்டணம், பின்னர் வரி, அதன் பின்னர் ரிசர்வ் வங்கிக் கட்டணம். கொடுத்ததை மீட்கும் ஆசையால் மேலும் கொடுக்கிறோம். ரொக்கப் பரிசுக்குரிய வருமான வரியைக் கொடுப்பவரே தொகையிற் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதே சட்டம். ரிசர்வ் வங்கி தனி மனிதர்க்குக் கணக்கு வைப்பதுமில்லை. பரிசை விடுவிக்கப் பணம் கேட்பதுமில்லை. விதையாத நிலத்தில் விளைவு உண்டோ? வாங்காத சீட்டுக்குப் பரிசு உண்டோ?

இதனினும் கொடியது மௌனம். “ஒருவரிடமும் சொல்லாதீர்” என்கிறான் வஞ்சகன். ஏமாந்தவரும் மானத்துக்கு அஞ்சி மறைக்கிறார். மகள் கலியாணத்துக்கென வைத்த நகை அடகுக்குப் போன பின்னரே வீட்டார் அறிகின்றனர். மதுரை நகரத்தாராயினும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக் கிராமத்தாராயினும், பணம் போனதென்று அறிந்த கணமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால், பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. தாமதித்தால் அவ்வழி அடைபடும். இழந்ததை மீட்டுத் தருவோமெனக் கட்டணம் கேட்போரும் அக்கூட்டத்தாரே.

ஆதலின் நம் சங்கத்தார் ஒரு நியமம் கொள்வோமாக. ஏமாந்தவரை எவரும் நகையாடலாகாது. பரிசென்று செய்தி வந்தால், பணம் அனுப்புமுன் வீட்டில் ஒருவருக்கேனும் காட்டுதல் வேண்டும். இளைஞர் தம் பெரியோரிடம் பொறுமையுடன் இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். சங்கம் என்பது ஒருவர் துன்பத்தை மற்றவர் அறிந்து காப்பதற்கன்றோ! அவ்வாறு காப்போமென்று கூறி அமைகிறோம்.