நர்ஸம்மா வந்தாச்சு



2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது, நம்ம மாதிரி குழுக்களில் இருந்துதான் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை எடுத்தாங்க. நானும் சேர்ந்தேன். வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறேன், மாத்திரை கொடுக்கிறேன். "நான் நர்ஸ் இல்லை"ன்னு எவ்வளவு சொன்னாலும் தெருவில் எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

கீழத்தெருவில் ஒரு பாட்டி. அளவு சரியாயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. நான் போனப்போ தலை சுத்துதுன்னு படுத்திருந்தாங்க. அஞ்சு நிமிஷம் உட்கார வைத்துப் பார்த்தேன். மேலே 180, கீழே 110. எனக்கே கை நடுங்கியது. மறுபடி பார்த்தேன், அதேதான். உடனே பேரன் வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.

அப்புறம் போகும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "மாத்திரை போடுறதாலதான் பாட்டி அளவு சரியா இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க."

அடுத்த மாதம் வாசலிலேயே காத்திருந்தாங்க. "ஒரு நாள் கூட விடல கண்ணு"ன்னு முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்த காலி அட்டையை எடுத்துக் காட்டினாங்க. அந்த அட்டையைப் பார்த்த சந்தோஷம் எனக்கு ஊக்கத்தொகையை விடப் பெரிசு.

சகோதரிகளே, ஊருக்கெல்லாம் பார்க்கிறோம், முப்பது வயசு தாண்டின நாம பார்த்துக்கிட்டோமா? அடுத்த குழுக் கூட்டத்துக்கு மிஷினோட வரேன். யாரும் அடுப்பு வேலைன்னு நழுவக் கூடாது.