கிடை கலைதல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்துக் கிடக்கும் வானம் பார்த்த பூமியாகும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழை என்ற நிலையில், பாலவனத்தம் போன்ற ஊர்களின் வேளாண்மை கண்மாய்த் தண்ணீரையும், கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி ஆகிய மானாவாரிப் பயிர்களையும் நம்பியே நடந்து வந்திருக்கிறது. இத்தகைய நிலத்திற்கு உரம் சேர்த்தவை கிடைமாடுகள். அறுவடை முடிந்த புஞ்சையில் இரவு நேரத்தில் மாடுகளை ஒன்றாக அடைத்து, அவற்றின் சாணமும் கோமியமும் அந்த மண்ணிலேயே விழும்படி செய்து, மறுநாள் அடுத்த துண்டு நிலத்திற்கு நகர்த்திச் செல்வதைக் கிடை மறித்தல் என்பர். இதற்குக் கூலியாக நிலத்துக்காரர் பணமோ தானியமோ கொடுப்பார். பகலில் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்து, இரவில் உழவனின் நிலத்தை வளப்படுத்தி, பருவத்திற்குப் பருவம் ஊர் மாறிச் செல்லும் இக்கிடைகள், வாங்கப்பட்ட மாடுகளின் தொகுப்பு அல்ல. பல தலைமுறைகளாகத் தாய்வழி அறிந்து பெருக்கப்பட்டவை. கிடை வைத்திருக்கும் ஒருவர் அதனை விற்றுவிட முடிவு செய்யும்போது அழிவது எது, அழியாமல் காக்கக்கூடியது எது என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பகுதியின் கிடைமாடு, சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் புலிக்குளம் இனம் என்று அறியப்படுகிறது. மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களே இதன் முதன்மையான வளர்ப்புப் பகுதிகள். கிடைமாடு, ஜல்லிக்கட்டு மாடு, கிழக்கத்தி மாடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கட்டுமஸ்தான சிறிய உடல், நிமிர்ந்த திமில், தலையிலும் திமிலிலும் பின்தொடையிலும் கருமை ஏறிய சாம்பல் நிறம், அந்நியரை அண்டவிடாத சினம் ஆகியவற்றைக் கொண்ட இதன் காளையை பலர் வாடிவாசலில் கண்டிருப்பார்கள். பசுவைக் கண்டவர் குறைவு. கறவை மிகக் குறைவான இப்பசுவின் பால் பெரும்பாலும் கன்றுக்கே விடப்படுவதால், பால் கணக்கை மட்டும் வைத்து மாட்டை மதிப்பிடும் எந்த ஏட்டிலும் இதற்கு உயர்ந்த இடம் கிடைத்ததில்லை. காய்ந்த புல்லைத் தின்று, நாளெல்லாம் நடந்து, கோடையைத் தாங்கி, ஒழுங்காகக் கன்று ஈனுவதுதான் இதன் சிறப்பு. வறண்ட நாட்டில் அதைவிடப் பெரிய சிறப்பும் இல்லை.

மரபுத்தூய்மை உடைய மந்தை என்றதும் பதிவேடும் சான்றிதழும் நினைவுக்கு வருவது இயல்பு. கிடைக்காரரிடம் அவை இல்லை. ஆயினும் எந்தப் பசு எந்தப் பசுவின் மகள், அதன் தாய் பஞ்சகாலத்தில் எப்படி நின்றது, எந்தக் காளைக்கு விழுந்த கன்றுகள் கால் உறுதியுடன் வளர்ந்தன என்பதெல்லாம் அவருடைய நினைவில் முறையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த நினைவின்படியே எந்தக் காளைக்கன்றைப் பொலிகாளையாக, அதாவது இனப்பெருக்கத்திற்கு உரிய காளையாக நிறுத்துவது, எவற்றை ஜல்லிக்கட்டுக்கு வளர்ப்போரிடம் விற்பது, எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது என்பது ஆண்டுதோறும் முடிவாகிறது. எழுதப்படாத காரணத்தாலேயே இதனை மரபுவழிப் பதிவு அல்ல என்று ஒதுக்குவது பெரும் பிழையாகும். ஏனெனில் பதிவேடு செய்யும் வேலை முழுவதையும் இந்நினைவே செய்து வந்திருக்கிறது. ஆனால் ஏட்டுக்கும் நினைவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாடு கைமாறும்போது ஏடு உடன் செல்லும். நினைவு விற்றவரிடமே தங்கிவிடும்.

மந்தையின் வலிமை தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பதை மரபியல் எளிய கணக்கொன்றால் காட்டுகிறது. பயனுறு எண்ணிக்கை என்று அத்துறையினர் வழங்கும் அளவு, ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறப்படுவது. நூறு பசுக்களுக்கு ஐந்து பொலிகாளைகள் உள்ள மந்தையில் இந்த அளவு ஏறத்தாழ 19 ஆகும். அதே நூறு பசுக்களுக்கு ஒரே ஒரு காளை என்றால் அது நான்கைக்கூட எட்டுவதில்லை. காளைகள் குறையக் குறைய, அடுத்த தலைமுறைக் கன்றுகள் அனைத்தும் ஒரே தந்தையின் பிள்ளைகளாகி, நெருங்கிய உறவுக்குள் கருத்தரிப்பு மிகுந்து, நோய் எதிர்ப்பும் ஈனும் திறனும் தளர்கின்றன. ஆகவே பத்துக் கிடைகள் உள்ள வட்டாரத்தில் ஒரு கிடை விற்கப்படும்போது, அதன் பசுக்கள் மட்டுமல்லாமல், மற்ற ஒன்பது கிடைகளும் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய அயல்காளைகளின் வரிசையும் மறைகிறது. கோயில் காளைகளும் ஜல்லிக்கட்டுக் காளைகளும் ஊர்ப்பசுக்களுக்கு இனம் சேர்த்து வந்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

விற்பனை நடக்கும் விதமும் இவ்விழப்பைப் பெருக்குகிறது. சந்தையில் மாட்டின் வயது பல்லைக் கொண்டு கணிக்கப்படுகிறது: பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல், கடைசேர்ந்தது என்று. சுழியும் கொம்பும் நடையும் பார்க்கப்படும். தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். இம்முறை பல நூற்றாண்டுப் பட்டறிவின் விளைவுதான். உடலைப் படிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் பசுவின் பாட்டியைப் பற்றிய கேள்விக்கு அங்கே இடமில்லை, அந்த அறிவுக்கு விலையும் இல்லை. முழுக் கிடையையும் ஒரே கையில் வாங்குவோர் அரிது என்பதால், காளைக்கன்றுகள் ஒரு பக்கமும், இளம் பசுக்கள் வேறு பக்கமும், வயதானவை அடிமாடாகவும், அதாவது இறைச்சிக்காகவும் போய்விடுகின்றன. சேர்ந்து நடந்து பழகிய கூட்டம், அதனை வழிநடத்தும் முன்மாடு, மேய்ச்சல் தடம் பற்றிய பழக்கம் ஆகிய எவற்றையும் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க இயலாது.

தென்னிந்தியாவில் இதற்கு ஓர் அரசே சான்றாக நின்றிருக்கிறது. மைசூர் உடையார்களால் வெண்ணெய்ச் சாவடி என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, ஹைதர் அலியால் பெருக்கப்பட்டு, திப்பு சுல்தானால் அம்ரித் மஹால் என்று பெயரிடப்பட்ட அரசு மந்தை, போர்க்களத்திற்குப் பீரங்கியும் தளவாடமும் இழுக்கும் காளைகளுக்கென்றே வளர்க்கப்பட்டது. சிதம்பரத்தை மீட்க ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தது இக்காளைகளால்தான் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. 1799இல் திப்பு வீழ்ந்தபின் மந்தை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860இல் சிக்கனம் கருதி அது கலைக்கப்பட்டு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் எகிப்து நாட்டுப் பாஷாவும் ஒருவர். சில ஆண்டுகளுக்குள்ளேயே படைக்குத் தகுதியான காளைகள் கிடைக்காமல் போனதை உணர்ந்த அரசு, 1866இல் சிதறிய மாடுகளைத் தேடிச் சேர்த்து மந்தையை மீண்டும் நிறுவ நேர்ந்தது. ஒரு பேரரசின் கருவூலமும் அதிகாரிகளும் அதற்குத் துணை நின்றனர். திருச்சுழிப் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவர் தம் கிடையை விற்றபின் ஆறு ஆண்டு கழித்து மனம் மாறினால், அவருக்குத் துணை நிற்க யாரும் இல்லை.

ஆயினும் விற்பனை என்பது எப்போதும் அழிவாகவே முடியும் என்று கருதுவதும் சரியன்று. இங்கிலாந்தின் கெட்டன் என்னும் ஊரில், குறுங்கொம்பு இனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சார்லஸ் காலிங், 1810 அக்டோபரில் தம் மந்தை முழுவதையும் ஏலத்தில் விட்டார். 47 மாடுகள் 7,000 பவுனுக்கு மேல் விலைபோயின. காமெட் என்ற காளை மட்டும் 1,000 கினிக்கு, அதாவது 1,050 பவுனுக்குப் போனது. மந்தை கலைந்தது, ஆனால் இனம் பரவியது. வாங்கியவர்கள் வளர்ப்பாளர்கள், ஒவ்வொரு மாட்டின் தாயும் தந்தையும் ஏலப் பட்டியலிலேயே அறிவிக்கப்பட்டிருந்தன, 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் வெளியிட்ட மரபுப் பதிவேடு அவ்வழிகளை நிலைபெறச் செய்தது. அம்ரித் மஹால் விற்பனையும் கெட்டன் விற்பனையும் வேறுபடும் இடம் விலையில் இல்லை. யார் வாங்கினார்கள், எந்தச் செய்தியுடன் வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

மாட்டை விற்காமல் நிறுத்தி இனத்தைக் காத்ததற்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே கொங்கு நாடு ஓர் எடுத்துக்காட்டு. காங்கயம் இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் புகழ்பெறச் செய்தவராகப் பழையகோட்டைப் பட்டக்காரர் ராவ் பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போற்றப்படுகிறார். ஓசூரில் 1924இல் தொடங்கிய அரசு கால்நடைப் பண்ணையிலும் காங்கயம் மாடுகள் பேணப்பட்டன. கொங்கு வளர்ப்பாளர்களுக்கு ஒரு பேறு வாய்த்திருந்தது; அது கொறங்காடு. கிளுவை முள்வேலி சூழ, வெள்வேல மரங்களின் நிழலில், கொழுக்கட்டைப்புல் வளரும் அந்த மேய்ச்சல் நிலம் வளர்ப்பவரின் சொந்த உடைமை. பாலவனத்தம் பக்கத்துக் கிடைக்கோ சொந்த மேய்ச்சல் நிலம் கிடையாது. புறம்போக்கு, தரிசு, நீர் வற்றிய கண்மாயின் உட்பரப்பு, மேற்கே மலையடிவாரம் என எல்லாம் பிறருடையவை அல்லது பொதுவானவை. எனவே கொங்கு மாட்டுக்காரர் விலை வீழ்ந்த ஆண்டுகளிலும் மாட்டை நிறுத்திக்கொள்ள முடிந்தது. கிடைக்காரர் நிலம் கைநழுவிய அன்றே மாட்டையும் இழக்கத் தொடங்கினார்.

அந்நிலமும் கிடையின் வருவாயும் கைநழுவிய கதை பல கிளைகளை உடையது. கண்மாய்களையும் தரிசுகளையும் சீமைக்கருவேல் மூடியதால் புல் முளைக்கும் இடம் சுருங்கியது. யூரியா மூட்டை எளிதில் கிடைத்தபின் கிடை மறிக்கக் கூலி கொடுப்போர் குறைந்தனர். டிராக்டர் வந்தபின் உழவுக்காளையின் தேவையும் போனது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, கிடைக்குப் பண வரவு தந்த காளைக்கன்று விற்பனையும் அடிவாங்கியது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் இளைஞர்கள் திரண்டபின் இயற்றப்பட்ட சட்டமும், அதனை உறுதிசெய்த 2023 மே 18ஆம் நாள் தீர்ப்பும் காளைக்கு மதிப்பை மீட்டுத் தந்தன. ஆனால் காளையை ஈனும் பசுவின் மேய்ச்சலுக்கு அந்தப் பேரெழுச்சி வழி செய்யவில்லை என்பதை வருத்தத்துடன் கூற வேண்டும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அமைந்ததும், 2022 மார்ச்சில் காப்பகங்களுக்குள் மேய்ச்சலைத் தடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் மலையடிவாரக் கிடைகளின் தடத்தை மேலும் குறுக்கின. காட்டைக் காப்பது தேவையே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும் அதே அளவு உண்மையாகும்.

நாடு முழுவதற்குமான போக்கும் இதுவே. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு, 2012ஐ ஒப்பிட நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்ததையும், கலப்பின, அயலின மாடுகள் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடியதையும் காட்டியது.

ஒருவர் முதுமையாலோ கடனாலோ, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டதாலோ கிடையை விற்பதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை; பகலும் இரவும் மாட்டுடன் நடந்து தேய்ந்த ஒருவரிடம் மரபைக் காக்கும் கடமையைப் பற்றி மட்டும் பேசுவது அறமும் ஆகாது. செய்யக்கூடியது, விற்பனையைக் கெட்டன் வழியில் நடத்துவதுதான். மாடுகளின் காதில் இன்று அரசு பொருத்தும் 12 இலக்க எண் வில்லையோடு, தாயின் எண்ணையும் தந்தைக் காளையின் எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்ய முடியும். விற்பதற்கு முன் கிடைக்காரரை அமர்த்தி, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பசுவின் வழியையும் எழுதிக்கொள்ள ஒரு கால்நடை உதவி மருத்துவருக்குச் சில நாட்கள் போதும். பொலிகாளைகளின் விந்தணுவை உறைநிலையில் சேமிக்கவும், வளர்க்க விரும்பும் பிற கிடைக்காரர்களுக்கு முதல் வாய்ப்பு அளிக்கவும் கால்நடைத் துறையாலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாலும் இயலும். இவ்வட்டாரத்திற்கு இத்தகைய முயற்சி புதிதன்று. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தாரே. வீடுதோறும் சிதறிக் கிடந்த ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்த காலத்தின் பெருமகன் அவர்.

இன்னொன்று காலம் பற்றியது. கிடைகள் பெரும்பாலும் தீவனம் அற்றுப்போகும் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் விலைக்கு வருகின்றன; அப்போது மாடு மெலிந்திருக்கும், விலை தாழ்ந்திருக்கும், வளர்ப்புக்கு வாங்க வருவோரைக் காட்டிலும் அடிமாட்டு வியாபாரிகளே மிகுதியாக இருப்பர். அம்மாதங்களைக் கடத்த ஒரு கிடைக்குத் தேவை சில வண்டி வைக்கோலும், நீர் வற்றிய கண்மாய்களின் உட்பரப்பில் மேய்ப்பதற்கு எழுத்து மூலமான அனுமதியும்தான். அவை கிடைத்தால் விற்பனையை மழைக்காலத்திற்குப் பிந்தைய மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம். புல் தின்று தேறிய மாட்டைத் தேடி வளர்ப்பாளர்களே வருவார்கள், அவர்களிடம் அதன் தாய்வழியைச் சொல்லிக் கொடுக்க விற்பவருக்கும் நேரம் கிடைக்கும்.