சொல்லும் சமத்துவமும்

(ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்தொழில் நகரில், சத்தியவேடு, வரதையபாளையம் வட்டாரக் கிராமத்தவரும், எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டவரும், வடமாநிலத்தவரும், அயல்நாட்டுப் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். இத்தகைய இடத்தில் ஒருவரை எச்சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பது சிறிய செய்தியன்று.

இவ்வட்டாரத்திற்கு இப்பிரச்சினை புதியதுமன்று. சென்னை மாகாணம் தமிழும் தெலுங்கும் வழங்கிய மாகாணம். அதன் சட்டசபையில் 1922 ஜனவரியில் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொணர்ந்தார். 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் சொற்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்றும், தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டிலேயே அரசாணையும் பிறந்தது. அதற்கு முன்னரே, 1917இல் பெஜவாடாவில் பாக்ய ரெட்டி வர்மா தலைமையில் கூடிய மாநாடு 'ஆதி ஆந்திரர்' என்னும் பெயரை ஏற்றிருந்தது. சம்பந்தப்பட்ட மக்களே தேர்ந்த பெயரை அரசு பின்னர் ஏற்றது என்பதே இங்கு கருதத்தக்கது.

அம்மக்களிடையேயும் ஒரே கருத்து நிலவியதில்லை. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் தாழ்த்திய பெயரைத் தலைநிமிர்ந்து ஏற்பது அவர் வழி. அப்பெயரை அறவே மறுத்து, பழைய பௌத்த மரபை மீட்பது அயோத்திதாசர் வழி. வழிகள் இரண்டாயினும் பெயரிடும் உரிமை தமதே என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

காந்தியடிகள் பரப்பிய 'ஹரிஜன்' என்னும் சொல்லின் வரலாறு இதனை மேலும் விளக்கும். 1933இல் அப்பெயரில் அவர் வார இதழ் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது; எனினும் 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் அச்சொல்லை எதிர்த்து அம்பேத்கர் வெளிநடப்புச் செய்தார். 1982இல் மத்திய உள்துறை அமைச்சகம், சாதிச் சான்றிதழ்களில் அச்சொல்லை எழுதலாகாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களைக் குறித்த 'நீக்ரோ' என்னும் சொல், 2016இல் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது.

சொல்லை மாற்றினால் போதுமா என்னும் வினா எழலாம். 'காலனி' என்பது குடியிருப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல். நகரங்களில் வசதி படைத்தோர் வாழும் பகுதிகளுக்கும் அப்பெயர் உண்டு. அங்கே அதில் இழிவில்லை. கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு எனப் பிரித்ததால் அதே சொல் வசையாயிற்று. அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். கறை சொல்லில் இல்லை, பிரிவினையில் இருக்கிறது. பிரிவினை நீடிக்கும்வரை புதிய சொல்லிலும் அக்கறை படியவே செய்யும்.

ஆயின், சாதிப் பெயர்களை எங்கும் எழுதவே கூடாதென்பது பொருளன்று. இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் சான்றிதழ் வேண்டும். பட்டியலில் பெயர் வேண்டும். சான்றிதழில் உரிமையாக நிற்கும் அதே சொல், பணியிடத்தில் ஏச்சாக வரும்போது குற்றமாகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை 2015ஆம் ஆண்டின் திருத்தம் வெளிப்படையாகவே குற்றமாக்கியது.

உங்கள் பணி இங்குதான் தொடங்குகிறது. வேலைக்கு வரும் இளைஞரின் முகவரியில் 'ஹரிஜனவாடா' என்றிருக்கலாம். அந்த ஒரு சொல்லே அவர் சாதியை அறிவித்துவிடுகிறது. அதைப் படித்த பின்னும் அவருக்குத் தரும் வேலையிலும், உணவுக்கூட இருக்கையிலும், விடுதி அறையிலும் வேறுபாடு நேராமல் காப்பது உங்கள் கடமை. பதிவேட்டில் அவர் எழுதிய பெயரால் அவரை அழையுங்கள். எந்த வாடா, எந்தக் காலனி என்று எவரும் விசாரிக்க இடந்தராதீர்கள். ஆலைகள் வேலை வாய்ப்பை வழங்கும். அவ்வேலையில் மதிப்பும் சேர்ந்தால்தான் அதனை வளர்ச்சி எனக் கொள்ள இயலும்.