மரிக்காரும் ஐயரும்



படமாளிகையினின்று வெளியே வருவோரின் உரையாடலைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். கதாநாயகனைப் பற்றிப் பேசுங்கால் நடிகரின் பெயரையே சொல்வார்கள். தந்தையாகவோ சமையற்காரராகவோ வந்தவரைப் பற்றிப் பேச்செழுந்தால், "அந்த அப்பாவாக வந்தாரே, அவர்" என்பார்கள். முகம் தெரியும், பெயர் நாவில் வாராது. குணசித்திர நடிகர் என்று நாம் அழைப்பது இவர்களைத்தான்.

இவர்களுட் பலர் நேரே திரையுலகிற்கு வந்தவரல்லர். எஸ். வி. ரங்காராவ் தீயணைப்புத் துறையில் பணி புரிந்தவர். நாகேஷ் ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். டில்லி கணேஷ் 1964 முதல் பத்தாண்டுகள் இந்திய விமானப்படையில் இருந்து, அதன் பின்னரே 1977இல் 'பட்டினப் பிரவேசம்' படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கொடியவர்களுள் ஒருவராக நின்றவர், அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையற்கார ஐயராக வந்து, அந்தப் பேச்சின் இழுப்பும் சுழிப்புமாக நம்மைச் சிரிக்க வைத்தார். அவரோ திருநெல்வேலிச் சீமைக்காரர்! 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி கேட்டபோது, எம் வீட்டில் உறவினர் ஒருவரை இழந்தாற் போலவே பேசிக்கொண்டோம்.

வானொலி நேயர்களாகிய நாம் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டியவர் பூர்ணம் விசுவநாதன். டில்லி வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக இருந்தவர் அவர். 1947 ஆகஸ்ட் 15ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்ற செய்தியைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைத்த குரல் அவருடையது. அக்குரலே பின்னர் மேடையில் சுஜாதாவின் நாடகங்களிலும், 'வறுமையின் நிறம் சிவப்பு', 'வருஷம் 16' முதலிய படங்களில் தந்தையாகவும் பாட்டனாராகவும் ஒலித்தது. வானொலியிற் பழகியவன் உடலை ஒளித்துக் குரலை மட்டும் முன்னே அனுப்பக் கற்றவன். குணசித்திர நடிகனுக்கு அதனினும் நல்ல பயிற்சி வேறு உண்டோ, நான் அறியேன்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கு வருவோம். 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்றொரு நகைச்சுவைத் தொடர் ஒலித்தது. அதன் பாத்திரங்கள் நால்வர்: யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலி, ஓர் ஐயர், மரிக்கார் என்னும் முஸ்லிம். இத்தொடர் பெற்ற வரவேற்பினால் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமும் வெளிவந்தது. அப்புக்குட்டியாக ராஜகோபாலும், உபாலியாகச் செல்வசேகரனும் நடித்தனர். மற்றை இருவரைக் கவனியுங்கள். ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீத். மரிக்காராகப் பேசியவர் ராமதாஸ், பிறப்பால் இந்து. ஹமீத் நீங்கலாக மற்றை மூவர்க்கும் பாத்திரத்தின் பெயரே பெயரின் முன்னொட்டாகி நிலைத்தது. 2016இல் அவர் காலமானபோதும் 'மரிக்கார் ராமதாஸ்' என்றே எழுதினார்கள்.

அப்போது நான் சிறு பிள்ளை. கல்முனையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வாப்பா வானொலியைத் திருப்பியதும் அயல் வீட்டார் வந்து கூடுவர் என்பதைப் பின்னர் உம்மா சொல்லக் கேட்டேன். மரிக்காரின் பேச்சைக் கேட்டுச் சிலர் வயிறு குலுங்கச் சிரித்தனராம். வாப்பாவின் நண்பர் ஒருவர் மட்டும் முகம் சுளித்து, "நம்மளைக் கேலி பண்ணுறானுகள்" என்றாராம். அதற்கு வாப்பா, "ஐயராய்ப் பேசுறவர் ஹமீதாக்கும், அவங்க சிரிக்கல்லையா?" என்று விடையிறுத்தாராம். நண்பர் அடுத்த வாரமும் வந்தார் என்பதே உம்மா சொன்ன முடிவு.

வாப்பாவின் விடை நல்ல விடைதான். ஆயினும் அந்த நண்பரின் முகச்சுளிப்பை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். மரிக்கார் பேசியது கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சைத் தழுவியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என நீளும் எம் கரையின் பேச்சு அதுவன்று. நாம் "மறுகா" என்போம், "என்னகா" என்போம். இப்பேச்சை ஏந்தி நாடறிய நின்ற ஒரு மரிக்கார் எமக்கு வாய்க்கவில்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

அக்குறைக்கு என் போன்ற ஆசிரியர்களும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பாடசாலை நாடகமொன்றைப் போட்டிக்காகப் பழக்கினேன். மீன் வியாபாரியாக நடித்த சிறுவன் ஒத்திகையில் "மறுகா" என்றான். மாணவர் சிரித்தனர். நானோ அவனை நிறுத்தி, "'பிறகு' என்று சொல்" எனத் திருத்தினேன். அவனும் திருத்திக்கொண்டான். போட்டி நாளில் ஒவ்வொரு சொல்லையும் பிழையறச் சொன்னான். ஆனால் மேடையில் நின்றது மீன் வியாபாரியன்று, என் கையெழுத்துப் பிரதி. அதன் பின் அவன் நாடகத்தின் பக்கமே வரவில்லை.

சென்ற ஆண்டு அதே நாடகத்தை மீண்டும் எடுத்தோம். இம்முறை அப்பாத்திரத்தை ஏற்ற மாணவனிடம் பிரதியைக் கொடுக்குமுன், விடியற்காலை கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய் மூன்று நாள் நின்று வருமாறு சொன்னேன். பேச வேண்டாம், கேட்டால் போதும் என்றேன். நான்காம் நாள் ஒத்திகைக்கு வந்தவன், நான் எழுதிய முதல் வரியை விட்டுவிட்டு, தலையிற் கட்டிய துவாயை அவிழ்த்து உதறியவாறே, "மறுகா என்னகா, விலையைச் சொல்லுங்களன்" என்று தொடங்கினான். என் பிரதியில் அந்த வரி இல்லை. சிவப்புப் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.